குடியும் நீரும் உறுதியும்: கல்முனைக் கரையை எழுதிய நூல்கள்

இலங்கையின் கிழக்குக் கரையில் பெரியநீலாவணையிலிருந்து மருதமுனை, கல்முனை, சாய்ந்தமருது, நிந்தவூர், ஒலுவில், அட்டாளைச்சேனை, அக்கரைப்பற்று என்று பொத்துவில் வரை நீளும் ஊர்களைப் பற்றி, அங்கு வாழும் பெரும்பாலான மக்கள் கையில் எடுத்துப் பார்த்திராத ஆய்வு நூல்கள் பல, உலகின் பல்கலைக்கழக நூலகங்களில் இருக்கின்றன. அரசியல், அடையாளம், அபிவிருத்தி ஆகிய மூன்றையும் ஒன்றோடொன்று பிணைத்து ஆராயும் கல்வித்துறை கடந்த அரை நூற்றாண்டில் உலகெங்கும் வளர்ந்தபோது, தமிழைத் தாய்மொழியாகக் கொண்டும் தம்மைத் தமிழர் என்று சொல்லிக்கொள்ளாத முஸ்லிம்கள் செறிந்து வாழும் இந்தக் கரை, அந்தத் துறையின் அடிப்படைக் கேள்விகளைச் சோதித்துப் பார்க்கும் இடங்களுள் ஒன்றாயிற்று. ஒரே மொழியைப் பேசி, ஒரே வகையான உறவுமுறையைப் பேணி, அடுத்தடுத்த வயல்களில் ஒரே வாய்க்கால் நீரைப் பாய்ச்சும் இரு சமூகங்கள் எவ்வாறு இரண்டாகவே நிலைக்கின்றன என்பதே அக்கேள்விகளுள் முதன்மையானது.

நோர்வே நாட்டு மானிடவியலாளர் ஃபிரெட்ரிக் பார்த், 1969இல் தாம் பதிப்பித்த 'எத்னிக் குரூப்ஸ் அன்ட் பவுண்டரீஸ்' என்னும் தொகுப்பின் முன்னுரையில், இனக்குழுமம் ஒன்றை ஆக்குவது அதன் உள்ளே இருக்கும் பண்பாட்டுப் பொருள்கள் அல்ல, பிறரிடமிருந்து அதைப் பிரிக்கும் எல்லையும் அந்த எல்லையை நாள்தோறும் பேணும் நடைமுறைகளுமே என்று வாதிட்டார். மானிடவியல் என்பது மனிதக் கூட்டங்களோடு நீண்டகாலம் உடனிருந்து, அவர்களுடைய உறவு, சடங்கு, உழைப்பு ஆகியவற்றை உள்ளிருந்து அறிய முயலும் துறையாகும். பார்த்தின் கருத்து வெளிவந்த அதே 1969ஆம் ஆண்டளவில், சிகாகோ பல்கலைக்கழகத்தின் ஆய்வு மாணவராக டெனிஸ் மக்கில்வ்ரே என்ற அமெரிக்கர் அக்கரைப்பற்றுக்கு வந்து தங்கித் தமிழரிடையேயும் முஸ்லிம்களிடையேயும் களஆய்வு செய்தார். அந்த ஆய்வும் அதைத் தொடர்ந்த வருகைகளும் ஒன்றுதிரண்டு, டியூக் பல்கலைக்கழக வெளியீடாக 2008இல் 'குரூசிபிள் ஒஃப் கொன்ஃபிளிக்ட்' என்ற பெருநூலாயின. உருக்கும் மூசை என்ற பொருளைத் தரும் அத்தலைப்பின் கீழ் போரைப் பற்றிய செய்திகளை மட்டும் எதிர்பார்ப்பவர்கள் ஏமாறுவர். ஏனெனில் நூலின் பெரும்பகுதி குடி, சீதனம், கோயில் உரிமை, பள்ளிவாசல் நிர்வாகம் ஆகியவற்றைப் பற்றியே பேசுகின்றது, அதுவே அந்நூலின் பெருமையுமாகும்.

குடி என்பது இக்கரையில் தாய்வழியாக வரும் வம்சக் குழு. தந்தையின் குடி எதுவாயினும் பிள்ளைகள் தாயின் குடியையே சேர்வர், ஒரே குடிக்குள் மணம் செய்வதில்லை. தமிழ் இந்துக்களிடையே கோயில் திருவிழாக்களில் எந்தக் குடிக்கு எந்த நாள், யாருக்கு முதல் மரியாதை என்பதை இம்முறை தீர்மானித்ததைப் போலவே, முஸ்லிம் ஊர்களில் ஒவ்வொரு குடியின் சார்பிலும் மரைக்கார் ஒருவர் பள்ளிவாசல் நிர்வாகத்தில் அமர்ந்தார். பிற்காலத்தில் நம்பிக்கையாளர் சபைகள் சட்டப்படி அமைந்தபோது மரைக்கார்களின் இடம் சுருங்கியது. தாய்வழி முறை தென்னிந்தியாவில் கேரளக் கரையின் மாப்பிள்ளைமாரிடையேயும் காயல்பட்டினம், கீழக்கரை போன்ற தமிழ் முஸ்லிம் ஊர்களில் பெண்வீட்டில் வாழும் வழக்கமாகவும் காணப்படுவதால், கிழக்கிலங்கை முஸ்லிம்களின் குடும்ப அமைப்பை வங்காள விரிகுடா, அரபிக் கடல் வணிகத்தின் நெடிய வரலாற்றோடும், மட்டக்களப்புப் பகுதியில் முன்னர் ஆதிக்கம் செலுத்திய முக்குவர் சமூகத்தோடும் சேர்த்தே விளங்கிக்கொள்ள வேண்டியிருக்கின்றது. மக்கில்வ்ரேயின் கண்டுபிடிப்பைச் சுருக்கினால், பண்பாட்டின் உள்ளடக்கத்தில் இவ்விரு சமூகங்களும் தம் சமயத்தவராகிய தொலைதூரத்தாரைவிடத் தம் அயலாரையே பல விடயங்களில் ஒத்திருக்கின்றன. ஆயினும் எல்லை மறையவில்லை. பார்த் சொன்னதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேறெங்கும் எளிதில் கிடைக்காது.

அந்த எல்லைக்கு அரசியல் மொழி வந்து சேர்ந்தது கல்முனையில் அல்ல, கொழும்பில். சட்டவாக்கக் கழகத்தில் தமிழரின் பிரதிநிதியாக இருந்த பொன்னம்பலம் இராமநாதன், அரச ஆசியக் கழகத்தின் இலங்கைக் கிளையில் 1888இல் வாசித்த கட்டுரையில், சோனகர் என்று அழைக்கப்படும் இலங்கை முஸ்லிம்கள் இனத்தால் தமிழரே, மதத்தால் மட்டும் வேறுபட்டவர் என்று வாதிட்டார். சோனகருக்குத் தனிப் பிரதிநிதித்துவம் வேண்டுமா என்ற கேள்வி எழுந்திருந்த காலமாகையால் இந்த வாதம் வெறும் இனவரைவியல் ஆராய்ச்சியாக எடுத்துக்கொள்ளப்படவில்லை, ஐ. எல். எம். அப்துல் அஸீஸ் 1907இல் வெளியிட்ட மறுப்பில், சோனகரின் முன்னோர் அரேபியரே என்று நிறுவ முயன்றார். காதிரி இஸ்மாயில், பிரதீப் ஜெகநாதனோடு சேர்ந்து 1995இல் பதிப்பித்த 'அன்மேக்கிங் த நேஷன்' தொகுப்பில் எழுதிய கட்டுரை இந்த விவாதத்தையே திருப்பிப் போட்டது. யார் வம்சம் உண்மையானது என்று கேட்காமல், முஸ்லிம்களின் பெயரால் பேசியவர் யார், அவர் பேச்சில் யார் விடுபட்டனர் என்று கேட்ட அவர், தெற்கின் வணிக மேட்டுக்குடியினர் தம்மை அமைதியான வணிகச் சமூகமாகச் சித்திரித்தபோது கிழக்கின் உழவரும் மீனவரும் நெசவாளரும் அச்சித்திரத்துக்கு வெளியே நின்றனர் என்று காட்டினார். கல்முனைக்குடியில் பிறந்த கவிஞரும் மொழியியலாளருமான பேராசிரியர் எம். ஏ. நுஃமான், இனத்துவ ஆய்வுகளுக்கான சர்வதேச நிலையத்தின் மூலம் 2007இல் வெளியிட்ட ஆங்கில நூலில், இலங்கை முஸ்லிம்கள் ஒற்றை வார்ப்பில் அமைந்தவர்கள் அல்லர், பண்பாட்டுப் பன்மைக்குள்ளேதான் அவர்களுடைய இன அடையாளம் உருவாயிற்று என்பதை நிறுவினார். இந்தக் கரையில் பிறந்து இந்தக் கரையைக் கோட்பாட்டு மொழியில் எழுதியவர் என்ற வகையில் நுஃமானின் நூலுக்குத் தனி இடம் உண்டு.

அடையாளத்தை வம்சாவளியாகக் காண்பவர்கள் பெரும்பாலும் கவனிக்காமல் விடுவது நிலமும் நீரும் ஆகும். பட்டிப்பளை ஆறு என்று தமிழர் வழங்கிய ஆற்றை இங்கினியாகலையில் மறித்துச் சேனநாயக சமுத்திரத்தை ஆக்கிய கல்லோயாத் திட்டம், 1949இல் நிறுவப்பட்ட அபிவிருத்திச் சபையின் கீழ், அமெரிக்காவின் டெனசி பள்ளத்தாக்கு அதிகாரசபையை முன்மாதிரியாகக் கொண்டு எழுந்தது. சுதந்திர இலங்கையின் முதற்பெரும் பாசனத் திட்டமான அதன் மேட்டுநிலக் குடியேற்றங்களில் பெருமளவு சிங்களக் குடும்பங்கள் அமர்த்தப்பட்டன; கடலோரத்தை அண்டிய வட்டைகளில், அதாவது தொடர்ச்சியான வயல்நிலப் பரப்புகளில், தலைமுறைகளாக நெல் செய்துவந்த முஸ்லிம், தமிழ் விவசாயிகள் வாய்க்காலின் கடைக்கோடிக்குத் தள்ளப்பட்டனர். 1956இல் சிங்களம் மட்டும் சட்டம் நிறைவேறிய வேளையில் சுதந்திரத்துக்குப் பிந்திய நாட்டின் முதல் பெரிய இன வன்முறைகளுள் ஒன்று கல்லோயாப் பள்ளத்தாக்கில் வெடித்தது. 1961இல் மட்டக்களப்பிலிருந்து அம்பாறை தனி மாவட்டமாகப் பிரிக்கப்பட்டபோது தலைநகரம் கரையில் அல்லாது உள்நாட்டில் அமைந்தது. கேம்பிரிட்ஜ் புவியியலாளர் பி. எச். ஃபார்மர் 1957இல் எழுதிய 'பயனியர் பெசன்ட் கொலனைசேஷன் இன் சிலோன்' இந்தக் குடியேற்றக் கொள்கையின் பொருளாதாரத்தையும் மனிதத் துன்பத்தையும் ஆராய்ந்த முன்னோடி நூலாகும்.

இவ்விடத்தில் உலக அபிவிருத்தி ஆய்வின் ஒரு முக்கிய வாதத்தை நினைவுகூர்வது பொருந்தும். ஜேம்ஸ் ஃபெர்குசன், ஆபிரிக்காவின் லெசோத்தோ நாட்டில் நடந்த ஒரு திட்டத்தை ஆராய்ந்து 1990இல் எழுதிய 'த அன்ட்டி பொலிட்டிக்ஸ் மெஷின்' என்ற நூலில், அபிவிருத்தி நிறுவனங்கள் நிலம், அதிகாரம், உரிமை பற்றிய அரசியல் பிணக்குகளைத் தொழில்நுட்பக் குறைபாடுகளாக மாற்றி வைப்பதால், திட்டம் தோற்றாலும் அரசின் அலுவலக அதிகாரம் மட்டும் விரிகின்றது என்று காட்டினார். கல்லோயாவின் கடைமடையில் நீர் வராமைக்குக் காரணம் வாய்க்காலில் மண் அடைத்திருப்பதா, அல்லது மேல்மடையில் யார் இருக்கின்றார் என்பதா என்ற வினா ஃபெர்குசனின் வினாவோடு நேரடியாக ஒட்டுகின்றது.

ஆயினும் கல்லோயாவைப் பற்றிய மிகச் சிறந்த நூல் கசப்பான முடிவைத் தரவில்லை என்பது வியப்புக்குரியது. அமெரிக்க நிதியுதவியோடு இடதுகரை வாய்க்கால் புனரமைக்கப்பட்டபோது, கொழும்பிலிருந்த கமநல ஆய்வுப் பயிற்சி நிறுவனமும் கோர்னெல் பல்கலைக்கழகமும் இணைந்து இளம் பட்டதாரிகளைக் கிராமங்களில் தங்கவைத்து, விவசாயிகளைச் சிறு வாய்க்கால் வாரியாகக் கூட்டிப் பேசவைத்தன. அவ்வாறு 1981இல் வயலில் இறங்கிய முயற்சியை வழிநடத்திய நோர்மன் அப்ஹொஃப், 1992இல் 'லேர்னிங் ஃப்ரம் கல் ஓயா' என்ற நூலாக அதை எழுதினார். நீர்த்தேக்கம் கால் பங்களவே நிறைந்திருந்த ஒரு சிறுபோகத்தில், வீணாகும் நீரைச் சேமித்து முறை வைத்துப் பாய்ச்சுமாறு தூண்டப்பட்ட மேல்மடையின் சிங்கள விவசாயிகள், கீழ்மடையின் தமிழ் பேசும் விவசாயிகளுக்கு நீர் சேரத் தாமாகவே மடையை அடைத்தனர். ஒருவர் பெறுவது மற்றவர் இழப்பதாகவே இருக்கும் என்ற எண்ணத்தை அப்ஹொஃப் நியூட்டனிய இயந்திரப் பார்வை என்று அழைத்து, மனிதரின் ஒத்துழைப்பு அந்தக் கணக்கில் அடங்காது, அது சேரச் சேரப் பெருகும் என்ற முடிவுக்கு வந்தார். தத்துவப் பகுதிகளில் நூல் சற்றே நீண்டு செல்கின்றது. களத்தில் நடந்ததை விவரிக்கும் பகுதிகளோ, வட்டவிதானைமாரின் கையில் இருந்த நீர் மேலாண்மை மரபை அறிந்த எந்த அம்பாறை விவசாயியும் கவனித்து வாசிக்க வேண்டியவை. 1983இன் தமிழருக்கு எதிரான வன்செயலும் அதைத் தொடர்ந்த போரும் அந்த நம்பிக்கையைச் சிதைத்தபோதிலும், நீரைப் பகிரும் ஒழுங்கு இனத்தின் எல்லையைத் தாண்டி ஒருமுறை இயங்கியிருக்கின்றது என்ற உண்மையை அது அழித்துவிடவில்லை.

போர்க்காலத்தின் நூல்கள் வேறு தொனியில் அமைந்தவை. 1981இல் காத்தான்குடியில் ஒரு சமூக அமைப்பாகத் தொடங்கி, பின்னர் அரசியல் கட்சியாகப் பதிவான ஸ்ரீ லங்கா முஸ்லிம் காங்கிரஸ், சம்மாந்துறையில் பிறந்து கல்முனையில் வளர்ந்த எம். எச். எம். அஷ்ரபின் தலைமையில், கிழக்கு முஸ்லிம்களைக் கொழும்புத் தலைமைகளின் வாக்கு வங்கியாக இருந்த நிலையிலிருந்து விடுவித்தது. 1990 ஆகஸ்ட் 3ஆம் திகதி காத்தான்குடிப் பள்ளிவாசல்களில் தொழுகையில் இருந்தோர் விடுதலைப் புலிகளால் கொல்லப்பட்டதும், அதே ஆண்டு ஒக்டோபரில் வடமாகாண முஸ்லிம்கள் வெளியேற்றப்பட்டதும் இக்கட்சியின் அரசியலைப் பாதுகாப்பின் அரசியலாக மாற்றின. அதே 1990ஆம் ஆண்டில் வீரமுனை போன்ற தமிழ்க் கிராமங்களிலும் தமிழ்ப் பொதுமக்கள் கொல்லப்பட்டனர் என்பதையும் சேர்த்தே இக்கரையின் வரலாறு வாசிக்கப்பட வேண்டும். 1994இல் துறைமுக, புனர்வாழ்வு அமைச்சரான அஷ்ரபின் முயற்சியால் 1995இல் பல்கலைக்கழகக் கல்லூரியாகத் தொடங்கி அடுத்த ஆண்டிலேயே முழுமை பெற்ற தென்கிழக்குப் பல்கலைக்கழகம், அடையாளமும் அபிவிருத்தியும் ஒரே கோரிக்கையின் இரு முகங்களாக இக்கரையில் அமைவதற்குச் சான்றாகும். அஷ்ரப் 2000 செப்டம்பர் 16ஆம் திகதி ஹெலிகொப்டர் விபத்தில் மறைந்தார்.

ஜொனதன் ஸ்பென்சர், ஜொனதன் குட்ஹேண்ட், 2018இல் மறைந்த புவியியலாளர் ஷாஹுல் ஹஸ்புல்லாஹ், பார்ட் கிளெம், பெனடிக்ட் கோர்ஃப், டியூடர் சில்வா ஆகிய அறுவர் இணைந்து எழுதிய 'செக்பொயின்ட், டெம்பிள், சேர்ச் அன்ட் மொஸ்க்' என்ற நூல், கட்சிகளும் ஆயுதக் குழுக்களும் அடைத்துவிட்ட வெளியில் கோயில்களும் தேவாலயங்களும் பள்ளிவாசல் சம்மேளனங்களும் எவ்வாறு மக்களுக்காகப் பேசும் இடத்தைப் பிடித்தன என்பதைக் கிழக்குக் கரையின் பல ஊர்களில் ஆராய்ந்தது. சமயத்தலைவர்கள் அரசியலுக்கு வெளியே நிற்பவர்களாக மதிக்கப்படுவதே அவர்களுக்கு அரசியல் செய்யும் ஆற்றலைத் தந்தது என்ற அதன் முடிவு, பள்ளிவாசல் நிர்வாகத்தின் சொல்லுக்கு ஊரில் உள்ள கனத்தை அறிந்தவர்களுக்குப் புதிதாக இராது. ஆனால் அதை ஒப்பீட்டு முறையில், தமிழ்க் கோயில்களோடும் கத்தோலிக்கக் குருமாரோடும் அருகருகே வைத்துக் காட்டியதே அந்நூலின் பங்களிப்பு.

2004 டிசெம்பர் 26ஆம் திகதி எழுந்த ஆழிப்பேரலையில் நாட்டிலேயே மிகக் கூடுதலான உயிர்களை, பத்தாயிரத்துக்கும் மேற்பட்டோரை, இழந்த மாவட்டம் அம்பாறை. கல்முனைக்குடி, மருதமுனை, சாய்ந்தமருது ஆகிய நெருக்கமான கரையூர்களில் இழப்பு எழுத்தில் அடங்காதது. வீடமைப்பைப் பற்றிய ஆய்வுகளே இக்கரைக்கு மிகவும் வேண்டியவை. கரையிலிருந்து 200 மீட்டர் வரை கட்டடம் எழுப்பத் தடை என்று வடக்குக்கும் கிழக்குக்கும் அரசு அறிவித்தபோது, கடலுக்கும் நெல்வயலுக்கும் நடுவே ஒடுங்கிய பட்டையில் வாழும் கல்முனை மக்களுக்கு மாற்றுக்காணி எங்கே என்ற கேள்வி உடனே இனக்கேள்வியாயிற்று. அக்கரைப்பற்றுக்கு அண்மையில் நுரைச்சோலையில் சவூதி அரேபியாவின் உதவியோடு கட்டப்பட்ட 500 வீடுகள், யாருக்கு எந்த விகிதத்தில் என்ற பிணக்கு உச்ச நீதிமன்றம் வரை சென்றதால், குடும்பங்கள் குடியேறாமலே ஆண்டுக்கணக்கில் பூட்டிக்கிடந்தன.

இதைவிடவும் நுட்பமான சிக்கல் ஒன்றை மக்கில்வ்ரேயும் பட்ரிசியா லோரன்சும், 2010இல் ரூட்லெட்ஜ் வெளியிட்ட ஆழிப்பேரலை மீட்சி பற்றிய தொகுப்பில் சேர்ந்த தம் கட்டுரையில் எடுத்துக்காட்டினர். இக்கரையில் வீடு என்பது பெண்ணின் சொத்து. பெற்றோர் மகளுக்கு வீட்டைக் கட்டிச் சீதனமாகக் கொடுத்து, மருமகன் அவ்வீட்டில் குடிபுக, தாமும் இளைய பெண்மக்களும் வேறு வீட்டுக்கு மாறுவர். ஆண்பிள்ளைகள் உழைப்பதும் சகோதரிகளுக்கு வீடு கட்டவே. நிவாரணத் திட்டங்கள் குடும்பத் தலைவர் என்ற சொல்லைக் கொண்டு ஆண்களின் பெயரில் காணி உறுதியை எழுதியபோது, தலைமுறைகளாகப் பெண்வழி வந்த உடைமை படிவம் ஒன்றின் ஒரு கட்டத்தில் ஆண்வழியாக மாறும் ஆபத்து எழுந்தது. ஜேம்ஸ் ஸ்கொட் 1998இல் 'சீயிங் லைக் அ ஸ்டேட்' என்ற நூலில், அரசு தனக்கு வாசிக்க எளிதாகும்படி உள்ளூரின் சிக்கலான உரிமைகளை ஒற்றை வடிவத்துக்குள் அடக்குகின்றது என்று பொதுவாகச் சொன்னதை, சீதன வீட்டின் உறுதி எங்கோ அல்லாமல் சாய்ந்தமருதிலும் மருதமுனையிலும் நிகழ்த்திக் காட்டியது. எனினும் தாய்வழிச் சொத்து இருப்பதனாலேயே பெண்கள் அதிகாரம் பெற்றுவிடுகின்றனர் என்று மகிழ்ந்துவிடவும் இயலாது. காஞ்சனா ருவன்புர 2006இல் வெளியிட்ட 'மெட்ரிலினியல் கொம்யூனிட்டீஸ், பேட்ரியார்க்கல் ரியலிட்டீஸ்' என்ற நூல், கிழக்கின் முஸ்லிம், தமிழ், சிங்களப் பெண்தலைமைக் குடும்பங்களை ஒருங்கே ஆராய்ந்து, வீட்டின் உடைமை பெண்ணிடம் இருந்தாலும் தொழிலிலும் சமூகத்திலும் ஆணாதிக்கமே கோலோச்சுகின்றது என்று நிறுவியது. இக்கரையைப் புகழ்ந்தோ பழித்தோ எழுத விரும்புவோர் இருவருமே அந்நூலை முதலில் வாசிப்பது நல்லது.

2012ஆம் ஆண்டின் குடிசன மதிப்பீட்டின்படி அம்பாறை மாவட்டத்தில் நூற்றுக்கு ஏறத்தாழ 43 பேர் சோனகர், 39 பேர் சிங்களவர், 17 பேர் தமிழர். எந்தச் சமூகமும் தனித்துப் பெரும்பான்மை இல்லாத இத்தகைய இடத்தில், கல்முனை வடக்குத் தமிழ்ப் பிரதேச செயலகம் தரமுயர்த்தப்பட வேண்டுமா, சாய்ந்தமருதுக்குத் தனி நகர சபை வேண்டுமா, கரையோரத்துக்குத் தனி நிர்வாக மாவட்டம் வேண்டுமா என்பன வெறும் அலுவலகக் கேள்விகளாக நிற்பதில்லை. சாய்ந்தமருதுக் கோரிக்கையில் இரு தரப்பும் முஸ்லிம்களே என்பது, எல்லைகள் இனங்களுக்கிடையில் மட்டுமன்றி ஊர்களுக்கிடையிலும் எழுகின்றன என்பதைக் காட்டுவதால், அடையாளத்தை ஒற்றைச் சொல்லால் அளப்போருக்குச் சிறந்த மறுப்பாகும். அமர்த்தியா சென் 2006இல் 'ஐடென்டிட்டி அன்ட் வயலன்ஸ்' நூலில், மனிதர் ஒவ்வொருவரும் பல அடையாளங்களைச் சுமக்கின்றனர், அவற்றுள் ஒன்றை மட்டும் பிறர் திணிக்கும்போதே வன்முறை தொடங்குகின்றது என்று எழுதினார். கல்முனையின் ஒரு பெண், ஒரே வேளையில் முஸ்லிமும், தமிழ் பேசுபவளும், ஒரு குடியைச் சேர்ந்தவளும், ஓர் ஊர்க்காரியும், வீட்டின் உரிமையாளரும் ஆவாள். எந்த அலுவலகத்தின் முன் நிற்கின்றாள் என்பதைப் பொறுத்தே இவற்றுள் ஒன்று முன்னே வருகின்றது.

இந்நூல்களில் குறைகள் இல்லாமலில்லை. அக்கரைப்பற்றைப் பற்றி மக்கில்வ்ரேயும் கிளெமும் எழுதியிருக்கும் அளவுக்கு மருதமுனையின் கைத்தறி நெசவைப் பற்றியோ, சம்மாந்துறையின் வயல் உடைமையைப் பற்றியோ, மத்திய கிழக்குக்குப் பணிப்பெண்களாகச் சென்ற கரையோரப் பெண்களின் பணத்தால் எழுந்த வீடுகளைப் பற்றியோ அதே ஆழத்தில் எழுதப்பட வேண்டியிருக்கின்றது. கல்முனைக்குடியின் கடற்கரைப் பள்ளியில் நாகூர் ஆண்டகையின் பெயரால் நடைபெறும் கொடியேற்ற விழாவும், அத்தகைய வழிபாடுகளைச் சீர்திருத்த இயக்கங்கள் எதிர்ப்பதும், சமய அடையாளம் உள்ளிருந்தே மாறும் விதத்தை ஆராய்வதற்குரிய மிகச் சிறந்த களமாகும். அதை ஆராயும் தகுதி, கரையில் பிறந்து தமிழில் சிந்திக்கும் மாணவர்களுக்கே முதலில் உண்டு.

எல்லாவற்றுக்கும் மேலான குறை, இந்நூல்கள் ஆங்கிலத்தில், ஓர் ஆசிரியரின் சம்பளத்தில் கணிசமான பங்கை விழுங்கும் விலையில், தொலைவில் இருப்பதுதான். தம்மைப் பற்றி எழுதப்பட்டதை வாசித்துத் திருத்தவும் மறுக்கவும் உரிமை உள்ளவர்கள் எழுதப்பட்ட மக்களே. ஒலுவிலின் தென்கிழக்குப் பல்கலைக்கழகமும் வந்தாறுமூலையின் கிழக்குப் பல்கலைக்கழகமும் ஆசிரியர்களிடம் உரிமை பெற்று, குடி முறையைப் பற்றிய மக்கில்வ்ரேயின் அத்தியாயங்களையும், அப்ஹொஃபின் களக்குறிப்புகளையும், ருவன்புரவின் நூலையும் முதலில் தமிழாக்க முன்வர வேண்டும். ஈழத்துத் தமிழ் நூல்களை எண்ணிம வடிவில் இலவசமாக வழங்கிவரும் நூலக நிறுவனம் போன்ற ஏற்பாடுகள் அவற்றைக் கரையின் ஒவ்வொரு பாடசாலைக்கும் எட்டச் செய்ய முடியும். கல்முனை, நிந்தவூர், அக்கரைப்பற்றுப் பொது நூலகங்களின் வாசகர் வட்டங்கள், இவற்றில் எந்த நூல் தமக்கு முதலில் வேண்டும் என்று அந்தப் பல்கலைக்கழகங்களுக்கு எழுத்தில் கேட்பதை இந்த ஆண்டிலேயே தொடங்கலாம்.